கேள்வி நேரம்: வரைபடத்துச் சிவப்புப் புள்ளியும் மலையில் எரியும் தீயும்

கைபேசியில் நாசாவின் தீ வரைபடம் பார்க்கிறேன். போன மாதம் எங்கள் காட்டில் சிவப்புப் புள்ளி விழுந்தது. போய்ப் பார்த்தால் தீயே இல்லை. இன்னொரு நாள் சாயங்காலம் மலை எரிந்தது, படுக்கப் போகும்வரை புள்ளி வரவில்லை. இதை நம்பலாமா?
(வாசகர், அஞ்செட்டி)

நம்பலாம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். நீங்கள் பார்க்கும் ‘ஃபிர்ம்ஸ்’ வரைபடத்தில் பெரும்பாலான புள்ளிகள் செயற்கைக்கோள்களில் உள்ள ‘விர்ஸ்’ என்ற கருவி தருபவை. அதன் ஒரு கட்டம் 375 மீட்டருக்கு 375 மீட்டர், ஏறக்குறைய 35 ஏக்கர். அந்தக் கட்டத்துக்குள் எங்கே சூடு தெரிந்தாலும் புள்ளி விழுவது கட்டத்தின் நடுவில்தான். ஆகவே புள்ளி விழுந்த இடத்திலேயே நின்று தேடாதீர்கள். சுற்றிலும் இருநூறு, முந்நூறு மீட்டர் பாருங்கள். பழைய ‘மோடிஸ்’ கருவியின் புள்ளியானால் கட்டம் ஒரு கிலோமீட்டர், இன்னும் அகலமாகத் தேட வேண்டும்.

புள்ளி வராததற்குக் காரணம் நேரம். இந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணியை ஒட்டியும் நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணியை ஒட்டியும். மாலை நான்கு மணிக்குப் பற்றிய தீயை அவை பார்க்கவே நள்ளிரவு தாண்ட வேண்டும். தகவல் வரைபடத்துக்கு வந்து சேர மேலும் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். இடையில் உங்கள் கண்ணும் போனும்தான் கருவி. மேகம் மூடினாலும், மரத்தடியில் சருகு மட்டும் தாழ எரிந்தாலும் செயற்கைக்கோள் கோட்டைவிடும்.

வரைபடத்தில் காட்டும் நேரம் உலகப் பொது நேரமா என்றும் பாருங்கள். அப்படியானால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்: 08:00 என்றால் நமக்குப் பகல் ஒன்றரை. இதைக் கவனிக்காமல் ‘காலையிலேயே எரிந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை’ என்று கிளம்பும் சண்டைகள் ஏராளம்.

காட்டுத்தீ இல்லாமலே விழும் புள்ளிகளுக்கு நம் பக்கத்தில் காரணம் பல. கரும்புச் சோகை கொளுத்துவது, செங்கல் சூளை, சூடேறிய பெரிய தகரக் கூரை எல்லாம் அப்படித் தெரியும். புள்ளியைத் தொட்டால் நம்பகத்தன்மை தாழ்வு, இயல்பு, உயர்வு என்று மூன்றில் ஒன்று காட்டும். பகலில் ‘தாழ்வு’ என்று வரும் ஒற்றைப் புள்ளியைக் கண்டு ஓட வேண்டாம். இரவில் இரண்டு மூன்று புள்ளி வரிசையாக விழுந்தால் அது தீயின் முன்வரிசையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனமும் இதே செயற்கைக்கோள் தகவலை வைத்து எச்சரிக்கை அனுப்புகிறது. காட்டு எல்லைக்கு வெளியே உள்ள புள்ளிகளை வடிகட்டிவிடுவதால் சோகைத் தீ அதில் குறையும். பொதுமக்களும் மாவட்டத்தைக் குறிப்பிட்டுப் பதிந்துகொண்டால் குறுஞ்செய்தி வரும்.

தீயைப் பார்த்தால் யாருக்கு, என்ன சொல்வது?
(வாசகர், பென்னாகரம்)

உங்கள் வனச்சரக அலுவலகத்தின் எண்ணைத் தீக்காலத்துக்கு முன்பே, ஜனவரியில், போனில் பதிந்து வையுங்கள். அது கிடைக்காவிட்டால் 101, 112, அல்லது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077.

‘மலை எரியுது’ என்று சொன்னால் போதாது. வரைபடச் செயலியில் தீ எரியும் இடத்தைக் கணித்து, அங்கே விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னாலே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் இடம் கிடைத்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதல் எண் 11 அல்லது 12-இல் தொடங்கும், இரண்டாவது 77 அல்லது 78-இல். மாற்றிச் சொன்னால் தீ ஆர்க்டிக் கடலோரம் போய்விடும்! அதோடு நிறைய பேர் தாங்கள் நிற்கும் இடத்தின் எண்ணைத் தீயின் இடமாக அனுப்பிவிடுகிறார்கள். ‘நான் நிற்பது இங்கே, தீ வடமேற்கே எதிர்ச்சரிவில்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒகேனக்கல் பக்கம் என்றால் ஆற்றுக்கு அக்கரையா இக்கரையா என்பதும் முக்கியம்; அக்கரை கர்நாடக வனத்துறையின் பொறுப்பு.

பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தீ மேலேறுகிறதா கீழிறங்குகிறதா, மூங்கில் புதரைப் பிடித்துவிட்டதா, அருகே மாட்டுப்பட்டியோ ஆட்களோ உண்டா என்று சொல்லுங்கள். எத்தனை பேரை எந்த வழியில் அனுப்புவது என்பதை அவர்கள் இவற்றை வைத்துத்தான் முடிவுசெய்வார்கள்.

என் மாந்தோப்பின் ஒரு பக்கம் காப்புக்காடு. சருகைக் கூட்டிக் கொளுத்தலாமா?
(வாசகர், பாலக்கோடு)

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேண்டாம். பக்கத்துக் காப்புக்காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காவிரி வடக்கு, தெற்கு போன்ற சரணாலயங்களில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சருகை மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி.

காட்டை ஒட்டிய ஓரத்தில், உங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே, நான்கு மீட்டர் அகலத்துக்குச் செத்தை நீக்கி மண் தெரியும்படி உழுதுவிடுங்கள். கீழே காட்டுச் சரிவு இருந்து தோப்பு மேலே இருந்தால் அகலத்தை இரட்டிப்பாக்குங்கள். சரிவு பத்துப் பாகை (டிகிரி) கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. ஒருமுறை உழுதுவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. மார்ச்சில் இலை கொட்டி அந்தப் பட்டையை மறுபடி மூடிவிடும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். காய்ந்த சாணி வரட்டியும் பட்டுப்போன அடிக்கட்டையும் அங்கே கிடக்கக் கூடாது. அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கனன்று, மறுநாள் காற்றில் பற்றுபவை அவை.

காட்டில் தீ சூழ்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?
(வாசகர், அரூர்)

மேலே ஏறாதீர்கள். பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து கரியான தரைக்கோ, பாறைக்கோ, ஓடைப் படுகைக்கோ போங்கள். செங்குத்தான பள்ளத்துக்குள் இறங்க வேண்டாம், அது புகைபோக்கி மாதிரி வேலைசெய்யும். பருத்தி உடையே நல்லது. செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கியது புல் சரிவுகளில்.

தீ வைத்தால் புல் நன்றாக வரும், உண்ணிச்செடி ஒழியும் என்கிறார்களே?
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

புல் தளிர்க்கும் என்பது உண்மை, ஒரு பருவத்துக்கு. அதோடு மரக்கன்றுகளும் போகும். தோல் மெல்லிய சந்தனம் கன்றிலேயே கருகும். உண்ணிச்செடி ஒழியாது. தூரிலிருந்து மறுபடி துளிர்த்து, வெயில் கிடைத்த வெற்றிடத்தில் முன்னைவிட அடர்த்தியாகும், அடுத்த தீக்கு அதுவே விறகு. ஒழிக்க வேண்டுமானால் ஆணிவேரை மண்ணுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டரில் வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். காய் பிடிக்கும் முன் செய்யுங்கள். மழைக்குப் பின் முளைக்கும் நாற்றுகளை இரண்டு ஆண்டாவது பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் என்றால் வனச்சரகரின் அனுமதி இல்லாமல் அரிவாளை எடுக்காதீர்கள்.