கேளுங்க, சொல்றேன்: மாமியாரா, மெய்டா, இன்ஃபன்ட் கேரா?

அக்கா, சிங்கப்பூர் செங்காங்ல இருந்து எழுதுறேன். எங்க பொண்ணுக்கு மூணு மாசம் ஆகுது, அடுத்த மாசம் என் மெட்டர்னிட்டி லீவு முடியுது. வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. மாமியார் உட்லண்ட்ஸ்ல இருக்காங்க, 68 வயசு, மூட்டு வலி, ஆனா "பச்சப்புள்ளைய யார்கிட்டயோ விடுவீங்களா, நான் பாத்துக்கறேன்"னு நிக்கிறாங்க. இவரு வீட்டோட தங்கி வேலை செய்ற மெய்டு வச்சிடலாம்ங்கறாரு. எனக்கு கைக்குழந்தைங்கள பகல்ல பாத்துக்கற சென்டர், அதான் இன்ஃபன்ட் கேர் தான் சரின்னு படுது, ஆனா அதைச் சொன்னாலே வீட்ல எல்லார் மூஞ்சியும் மாறிடுது. என்ன பண்றது?

உங்களுக்குப் படுறது தான்மா சரி, தயங்காம செய்ங்க. மாமியாருக்கு ஆசை இருக்கு, பாசம் இருக்கு, எனக்குப் புரியுது. ஆனா இன்னும் ஆறு மாசத்துல பாப்பா தவழும், அப்புறம் எழுந்து ஓடும், மூட்டு வலியோட நாள் பூரா பின்னாடியே குனிஞ்சு நிமிர முடியுமா சொல்லுங்க? அவங்கள முழுநேர ஆளா வைக்காதீங்க, அவசரத்துக்கு வர்ற ஆளா வச்சுக்கோங்க, அந்த ஆள் தான் உங்களுக்கு ரொம்ப தேவைப்படப் போகுது. ஏன்னா முதல் வருஷம் சென்டர்ல சேர்த்த புள்ளைக்கு சளி காய்ச்சல் மாத்தி மாத்தி வரும். காலையில வாசல்லயே டெம்பரேச்சர் பாப்பாங்க, கையையும் வாயையும் பாப்பாங்க, கை-கால்-வாய் நோய் மாதிரி தெரிஞ்சா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. பாப்பா சிங்கப்பூர் குடிமகள்னா உங்க ரெண்டு பேருக்கும் வருஷத்துக்கு ஆளுக்கு 6 நாள் சைல்ட்கேர் லீவு உண்டு, அது போதாது, அப்ப "அத்தை கொஞ்சம் வாங்களேன்"னு கூப்பிடுங்க, அவங்களும் சந்தோஷமா வருவாங்க.

மெய்டு விஷயம். 16 வயசுக்குக் கீழ குடிமகன் பிள்ளை இருந்தா மெய்டுக்காக அரசாங்கத்துக்குக் கட்டுற லெவி மாசம் 300 வெள்ளியிலேர்ந்து 60 ஆகக் குறையும், அதைப் பார்த்து மலிவுன்னு நினைச்சுடக் கூடாது, சம்பளம், ஏஜென்சி, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் மேல இருக்கு. வீட்ல பெரியவங்க யாராவது கூட இருந்தா யோசிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்ட்டு, புதுசா வந்த பொண்ணுகிட்ட நாலு மாசக் குழந்தைய தனியா விடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அந்தப் பொண்ணுக்கும் அது பெரிய பாரம்.

இன்ஃபன்ட் கேர் 2 மாசத்துலேர்ந்து 18 மாசம் வரைக்கும், 5 குழந்தைக்கு ஒருத்தர்னு கணக்கு. வேலை பாக்குற அம்மாவுக்கு, குடிமகன் குழந்தைன்னா, முழுநாளுக்கு அடிப்படை சப்சிடி மாசம் 600 வெள்ளி வரை. ரெண்டு பேர் மாசச் சம்பளமும் சேர்ந்து 12,000க்கு மேல போகலேன்னா அதுக்கு மேல கூடுதலா 710 வரைக்கும் வருமானத்தைப் பொறுத்து கிடைக்கும். மிச்சத்த பாப்பாவோட சிடிஏ கணக்குலேர்ந்து, அதான் பிள்ளை வளர்ப்புச் செலவுக்கான சேமிப்புக் கணக்குலேர்ந்து, கட்டலாம். 18 மாசம் தாண்டி சைல்ட்கேருக்கு மாறினதும் செலவு நல்லா குறையும்: மை ஃபர்ஸ்ட் ஸ்கூல், பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ் மாதிரி அரசாங்க உதவியோட நடக்குற ஆங்கர் ஆப்பரேட்டர் சென்டர்ல இந்த 2026ல முழுநாள் கட்டணம் மாசம் 610 வெள்ளிக்கு மேல போகக் கூடாது, ஜிஎஸ்டி தனி, அதுலயும் அடிப்படை சப்சிடி 300 கழியும்.

ஆபீஸ் பக்கத்துல பாக்காதீங்க, வீட்டுப் பக்கமே பாருங்க. பீக் அவர் எம்ஆர்டில கைக்குழந்தையோட நிக்கிற கஷ்டம் வேண்டாம், மாமியாரோ வீட்டுக்காரரோ போய் கூட்டிட்டு வரவும் சுலபம். சென்டர் பெரும்பாலும் காலை 7லேர்ந்து சாயந்திரம் 7, உங்க ரெண்டு பேர்ல யாரு 7க்குள்ள நிப்பீங்கன்னு முதல்ல பேசி முடிவு பண்ணுங்க. உங்களவரு ஷிஃப்ட் மாத்தக் கேட்டு எழுத்துல கொடுக்கட்டும், 2024 டிசம்பர்லேர்ந்து முதலாளிங்க இப்படிக் கேட்டா பரிசீலிச்சு 2 மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்.

பாக்கப் போறப்ப சுவத்துல இருக்கிற அலங்காரத்தைப் பாக்காதீங்க. பால் குடுக்கிற நேரத்துல போங்க. மடியில வச்சு, மூஞ்சியப் பாத்து குடுக்குறாங்களா, இல்ல பாட்டிலைத் துணியில சாய்ச்சு வச்சிட்டு அடுத்த வேலைக்குப் போறாங்களா? தூங்குற பிள்ளைங்கள மல்லாக்கப் போட்டிருக்காங்களா? உங்க தாய்ப்பாலை எடுத்துக் குடுத்தா எங்க வைப்பாங்க, பேர் ஒட்டுவாங்களான்னு கேளுங்க. டீச்சருங்க அடிக்கடி மாறுறாங்களான்னும் கேளுங்க, இந்த வயசுல புள்ளைக்கு பழகின மூஞ்சி தான் முக்கியம்.

இடம் சட்டுனு கிடைக்காது, செங்காங் பொங்கோல் பக்கம் எல்லாம் சின்னப் புள்ளைங்க ஜாஸ்தி, அதனால இன்னிக்கே ரெண்டு மூணு சென்டர்ல பேர் குடுத்துடுங்க. கிடைக்கிற வரைக்கும் சமாளிக்க, 2024 கடைசிலேர்ந்து பாலர் பள்ளிங்களைக் கவனிக்கிற அரசு அமைப்பு ஈசிடிஏ சோதனையா நடத்துற சைல்ட்மைண்டிங் திட்டத்தையும் விசாரிங்க, பயிற்சி எடுத்தவங்க அவங்க வீட்லயே பாத்துப்பாங்க.

பையனுக்கு இந்த வருஷம் 4 வயசு ஆகுது. அவன் போற சென்டர்ல தமிழ் இல்ல. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், வழி இருக்கா? – ஈசூன் வாசகர்

இருக்குங்க, ஆனா உடனே பாக்கணும். கல்வி அமைச்சு நடத்துற எம்ஓஇ கிண்டர்கார்டன்ல தமிழ் சொல்லித் தர்றாங்க, கே1 கே2 மட்டும் தான், அதாவது தொடக்கப்பள்ளிக்கு முந்தின ரெண்டு வருஷம், 4 வயசு ஆகுற வருஷத்துலயே அடுத்த வருஷ கே1க்குப் பதியணும். வகுப்பு ஒரு நாளைக்கு 4 மணி நேரம், மிச்ச நேரத்துக்கு அதே இடத்துல கேகேர் இருக்கு, சாயந்திரம் 7 வரைக்கும் பாத்துக்குவாங்க. பதியும் போதே கேகேருக்கும் சேர்த்துக் கேட்டுடுங்க.