வாசகர் கேள்விகள்: பதினோரு ரூபாய்ச் சிப்பாய்

கேள்வி: முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். ‘ஊருக்கு வரணும், இங்கே யாரும் வராதீர்கள்’ என்று ஓயாமல் புலம்புகிறவர்களை வீரர்கள் என்று எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: புலம்பிய ஆளும் சண்டை போட்ட ஆளும் ஒருவரே, ஐயா. 1915 மே மாதம் ஒரு ஹவில்தார் தனக்குத் தெரிந்த நாயக் ஒருவருக்கு (இரண்டும் சிப்பாய்க்கு மேல்படியில் உள்ள பட்டாளப் பதவிகள்) எழுதுகிறார்: கடவுள் பேரால் சொல்கிறேன், வராதே, வராதே, இந்த ஐரோப்பியச் சண்டைக்கு வராதே, பீரங்கியும் துப்பாக்கியும் குண்டும் சாவன் மாத (வடக்கே மழைக்கால மாதம்) மழை மாதிரி ராப்பகலாகக் கொட்டுகின்றன, இதுவரை தப்பியவர்கள் பானையில் வேகாமல் கிடக்கிற நாலு அரிசிதான். இதைப் படித்ததும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லத் தோன்றலாம். ஆனால் கவனியுங்கள், ‘நான் ஓடி வந்துவிடுகிறேன்’ என்று அவர் எழுதவில்லை, ‘நீ வராதே’ என்கிறார். எழுதிவிட்டு மறுபடியும் பதுங்குகுழிக்குத்தான் போயிருப்பார், வேறு எங்கே போவது?

எப்படிப்பட்ட இடத்துக்குப் போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1914 செப்டம்பர் 26 வாக்கில் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்கு உடம்பில் இருந்தது பருத்திக் காக்கி. பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புது மாடல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், அதைப் பழகச் சரியாக நேரம் கிடைப்பதற்குள் அக்டோபர் கடைசியில் பெல்ஜியத்தில் ஈப்ர் பக்கம் முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஜெர்மானியரிடம் கைக்குண்டு இருந்தது, இவர்களோ காலி ஜாம் டப்பாவில் வெடிமருந்தை அடைத்துத் திரி வைத்து எறிந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் குளிர், சேறு, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறி அழுகிய கால்கள்.

இந்த நிலைமையில்தான் அக்டோபர் 31 அன்று ஹோல்பெக்கில் 129-வது பலூச்சிப் படையின் சிப்பாய் குதாதாத் கான் இயந்திரத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். கூட இருந்தவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள். தானும் அடிபட்ட பிறகு சுட்டுக்கொண்டே இருந்தார், செத்துவிட்டார் என்று எதிரி நினைத்து விட்டுப்போக, இருட்டில் ஊர்ந்து தன் படைக்கு வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் இந்தியச் சிப்பாய்க்கு முதலில் வழங்கப்பட்டது அவருக்குத்தான். அதிகாரி இல்லை, வெறும் சிப்பாய்.

சரி, வீட்டு ஏக்கம் எங்கிருந்து வந்தது? சாவுக்குப் பயந்தது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது: உப்பைத் தின்றோம், வந்தோம், சண்டை போட்டோம், காயம் பட்டோம், கடன் தீர்ந்தது, இனி ஊர். ஆனால் இங்கிலாந்தில் பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் காயம் ஆறியதும், தேறியவர்களை மறுபடி முன்வரிசைக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கேதான் மனசு உடைந்தது. கடிதங்களில் இந்த மனக்குறை திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னொரு கொடுமையும் நடந்தது. கையில் காயத்தோடு வருகிறவர்கள் நிறைய இருந்ததால், ஊருக்குப் போக வேண்டும் என்று தாங்களே சுட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பிரைட்டனில் கிச்சனர் ஆஸ்பத்திரியை நடத்திய கர்னல் புரூஸ் சீட்டன் 1,000 காயங்களை எடுத்து ஆராய்ந்தார், அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடிவு வந்தது. அதே சீட்டன் தன் ஆஸ்பத்திரியைச் சுற்றி முள்கம்பி போட்டு, நோயாளிகள் இஷ்டப்படி ஊருக்குள் போக முடியாமல் வைத்திருந்தார் என்பதும் உண்மை. அதே ஊரில் முன்பு ராஜ அரண்மனையாக இருந்த பெவிலியனை ஆஸ்பத்திரியாக்கி, இந்துக்களுக்குத் தனிச் சமையல், முஸ்லிம்களுக்குத் தனிச் சமையல், தண்ணீர்க் குழாய் கூடத் தனித்தனி என்று ஏற்பாடு செய்து, படம் எடுத்து அஞ்சலட்டை போட்டு உலகத்துக்குக் காட்டினார்கள். குழாய் பிரித்துக் கொடுத்தது சரி, ஊருக்கு விட்டிருக்கலாமே!

கேள்வி: அந்தக் கடிதங்களை எல்லாம் தணிக்கை செய்தார்களே, அப்புறம் அதில் உண்மை எங்கே இருக்கும்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: நல்ல கேள்வி. பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுத வைப்பார்கள். அது பட்டாளத்தில் ஒரு அதிகாரியின் கண்ணைத் தாண்டி, பிரான்சில் பூலோன் ஊரில் இருந்த தணிக்கை அலுவலகத்துக்குப் போகும். அங்கே சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக அனுப்புவார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே வேறொருவர் உரக்கப் படிக்க, வீடும் தெருவும் சேர்ந்து கேட்கும். மனைவிக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வழியே கிடையாது. இன்றைக்கு நாம் படிப்பது பெரும்பாலும் அந்தத் தணிக்கை அலுவலக மொழிபெயர்ப்பைத்தான். ராஜாவைப் புகழ்கிற வரிகளை நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் தணிக்கை இருப்பது தெரிந்ததாலேயே சிப்பாய்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துபோச்சு, இப்போது சிவப்பு மிளகாய் போடுகிறார்கள், கறுப்புக்குத்தான் காரம் ஜாஸ்தி என்று ஒருவர் எழுதுகிறார். கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கைக்காரர்களுக்கும் இது புரிந்துவிட்டது, அதனால்தான் நமக்கும் கிடைத்திருக்கிறது.

மறைக்க எதுவும் இல்லாத கடிதங்களும் உண்டு, எனக்கு அவைதான் பிடிக்கும். பிரான்சில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கியிருந்த ஒருவர் அந்த வீட்டுக் கிழவியைப் பற்றி எழுதியிருக்கிறார். மூன்று மாதம் துணி துவைத்துக் கொடுத்தாள், படுக்கை போட்டுக் கொடுத்தாள், பூட்ஸைக்கூடத் துடைத்து வைத்தாள், காலையில் ரொட்டி, வெண்ணெய், பால், காபி. படை கிளம்பும்போது இவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, வழிச்செலவுக்கு வைத்துக்கொள் என்று ஐந்து பிராங்க் நோட்டு ஒன்றைக் கையில் திணித்தாளாம். வழிச்செலவுக்குக் காசு கொடுத்து அனுப்புவது நம் வீட்டுக் கிழவிகள் செய்கிற வேலை. அதைப் பிரான்சில் பார்த்தவனுக்கு வீட்டு ஞாபகம் வந்ததா என்று கேட்கவே வேண்டாம்.

கேள்வி: நம்ம ஊர் ஆட்கள் போனார்களா?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: போனார்கள், ஆனால் பிரான்சின் பதுங்குகுழிகளில் அதிகம் இருந்தவர்கள் பஞ்சாபிகள், பட்டாணியர், கார்வாலிகள், கூர்க்காக்கள். வடக்கத்தியர்தான் போர்க்குலம் என்று முடிவு கட்டி, மதராஸ் காலாட்படையை ஆங்கிலேயர் முன்பே குறைத்துவிட்டிருந்தார்கள். பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்கள் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இருந்தார்கள். சண்டை நம்ம ஊருக்கே வந்ததும் உண்டு: ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. பிரான்சுக்குப் போன முதல் படை அப்போது நடுக்கடலில் கப்பலில் இருந்தது.

கேள்வி: மாசம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போனவர்கள்தானே, அடுத்தவன் சண்டைக்குக் கூலிக்குப் போனவர்களை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: சம்பளத்துக்குத்தான் போனார்கள், அதில் என்ன கேவலம்? அந்த 11 ரூபாயும் பின்னாடி வரும் பென்ஷனும் மழையை நம்பிய குடும்பத்துக்குப் பெரிய ஆதாரம். சண்டை நம்முடையது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரான்சில் நவ் ஷபெல் நினைவுச்சின்னத்தில் கல்லறை தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன, அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களில் பலருக்கு முன்பு தெரிந்திருக்காது. கோபப்படுவதானால் அனுப்பினவன் மேல் படுங்கள், போனவன் மேல் வேண்டாம்.

ஒரே ஒரு ஆளைச் சொல்கிறேன். இமயமலைப் பக்கத்துக் கார்வால் மலைக்காரர், 39-வது கார்வால் ரைபிள்ஸில் நாயக், தர்வான் சிங் நேகி. 1914 நவம்பர் 23 இரவு பெஸ்டுபெர் பக்கம், எதிரி பிடித்துவிட்ட பதுங்குகுழியைத் திரும்பப் பிடிக்கும் சண்டையில், தலையிலும் கையிலும் காயத்தோடு ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் பாய்ந்தவர்களில் ஒருவர். டிசம்பர் 5 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே பிரான்சுக்கு வந்து விக்டோரியா கிராஸ் குத்தினார். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டதற்கு, நிலமோ பணமோ கேட்காமல், தன் மலைப்பக்கத்து ஊரான கர்ணபிரயாகைக்கு ஒரு பள்ளிக்கூடமும் ரிஷிகேஷிலிருந்து அங்கே போக ஒரு ரயில் பாதையும் கேட்டார் என்று அந்த மலைப்பக்கத்தில் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் வந்துவிட்டது. 125 கிலோமீட்டர் ரயில் பாதைக்குச் சுரங்கம் குடையும் வேலை நூறு வருஷம் கழித்து, நம் காலத்தில்தான் தொடங்கியது.