ஐந்து மாதப் பூனைக்குட்டி கையைக் கடிக்கிறது, விடியற்காலையில் வீட்டை இரண்டாக்குகிறது, அடித்தால் திருந்துமா?

ஈரோட்டில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பதாகவும், 5 மாதப் பூனைக்குட்டி கையையும் கணுக்காலையும் மாறி மாறிக் கடிப்பதாகவும், விடியற்காலை 4 மணிக்கெல்லாம் கட்டிலுக்கும் சமையலறைக்கும் ஓடி யாரையும் தூங்க விடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடித்தால் திருந்துமா என்று கேட்டுவிட்டு, திருந்தாவிட்டால் மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட ஒரு சாக்குப் பை எடுத்து வைத்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சாக்கைப் பற்றிப் படித்த பிறகு இந்தப் பதிலை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதற்கு முன் ஒன்று. நேற்றுக் கடித்த இடத்தில் இரத்தம் வந்ததாகவும் மஞ்சள் வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளின் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் விலங்கு கடித்த காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ எதுவுமே வைக்கக்கூடாது. அதைக் கழுவிவிட்டு, ஓடுகிற குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பூனையின் கோரைப்பல் ஊசியைப் போல ஆழமாக இறங்குவதால், மேலே துளை மூடிக்கொண்டு கிருமி உள்ளேயே தங்கிவிடும். நாயைப் போலப் பூனையாலும் வெறிநோய் பரவும் என்பதால், வீட்டில் வளர்ந்த குட்டிதானே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடவும் கூடாது.

இனி எங்கள் வீட்டுக் கதை. நாங்கள் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்துப் பிழைக்கும் குடும்பம். தறிக்கூடத்தின் கணக்கைப் பார்ப்பது என் வேலை. கால்நடை மருத்துவம் படித்தவள் அல்ல, ஒரே ஒரு பூனையை ஒழுங்காக வளர்க்கக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் எடுத்துக்கொண்டவள் என்ற அளவில் இதைப் படித்தால் போதும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில், தறிக்கூடத்து மூலையில் கொட்டி வைத்திருந்த கழிவு நூல் குவியலுக்குள் ஒரு குட்டி கத்திக்கொண்டு கிடந்தது. தாய்ப்பூனை இரண்டு நாட்களாக வரவில்லை. பாற்பற்கள்கூட முழுதாக முளைக்காத, ஐந்து வாரம் இருக்கக்கூடிய குட்டி. தறியில் பாவு நூலுக்குள் பாய்ந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வரும் நாடாவைப் போல ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஓடியதால், என் மகள் அதற்கு நாடா என்றே பெயர் வைத்தாள்.

உங்கள் குட்டியையும் ஏறக்குறைய அதே வயதில்தான் எடுத்து வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சோறு தின்னத் தொடங்கிவிட்டால் தாயைப் பிரிக்கலாம் என்பதே நம் ஊர் வழக்கம். ஆனால் குட்டிகள் நான்காவது வாரத்தில் ஒன்றோடொன்று கட்டிப் புரளத் தொடங்கி, மூன்றாவது மாதத்தில் அந்த விளையாட்டின் உச்சத்துக்குப் போகின்றன. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அவை கற்றுக்கொள்வது அப்போதுதான். அழுத்திக் கடித்தால் கூடப்பிறந்த குட்டி கத்திவிட்டு எழுந்து போய்விடும், தாய் ஒரு தட்டுத் தட்டும்; விளையாட்டு அத்தோடு நின்றுவிடும். எட்டு வாரத்துக்கு முன்பே பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு இந்தப் பாடம் நடக்கவே இல்லை. தன் பல் பிறருக்கு வலிக்கும் என்பது அதற்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக அதை அடிப்பது எந்த வகையில் நியாயம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நாங்களும் யோசிக்கவில்லை. இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் என் கணவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டுவார். அது முன்னங்கால்களால் கையை அணைத்துப் பின்னங்கால்களால் உதைக்கும். வீடே கூடி நின்று சிரிக்கும். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். உள்ளங்கை அளவுக் குட்டி கடிக்கும்போது யாருக்கும் வலிக்கவில்லை. ஐப்பசியில் அதற்கு நாலரை மாதம். பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் பருவம் அது. 26 சின்னப் பற்கள் போய் 30 பற்கள் வருகிற அந்த இரண்டு மூன்று மாதங்களில் ஈறு ஊறுவதால் எதைக் கண்டாலும் கடிக்கத் தோன்றும். அரிசி மணி போன்ற ஒரு பல்லை என் மகள் பாயிலிருந்து பொறுக்கி எடுத்தாள். அதே வாரத்தில், வெடியால நாலரை மணிக்குப் பொடக்காலிக் கதவை, அதாவது கொல்லைப்புறக் கதவைத் திறக்கப் போன என் மாமியாரின் கெண்டைக்காலில் இருட்டிலிருந்து பாய்ந்து கடித்துவிட்டது. அவர் சர்க்கரை நோயாளி. மறுநாளே கால் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி வெறிநோய் எதிர்ப்புச் சீரம் போட்டு, அன்றும் அதன்பின் 3, 7, 28 ஆகிய நாட்களிலும் தடுப்பூசி போட்டார்கள். நல்லவேளையாகக் கால் ஆறிவிட்டது.

அன்று இரவு எங்கள் வீட்டிலும் சாக்கு பற்றிய பேச்சு வந்தது. எனக்கு அது புதிய பேச்சு அல்ல. மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டை அண்டி வளர்ந்த ஒரு கடுவன் பூனையை, குழந்தையைப் பிறாண்டியது என்று சாக்கில் கட்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பவானிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. மகள் ஒரு மாதம் வாசலில் கிண்ணத்தில் பால் வைத்துக் காத்திருந்தாள். மீன் சந்தையில் விட்டால் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள், அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் பூனைகளும் நாய்களும் புதிதாக வருவதை ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்க விடா என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. அதிலும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டிக்கு ஓடி ஒளியக்கூடத் தெரியாது. அதனால் இந்த முறை, மூன்று மாதம் என் பொறுப்பில் விடுங்கள் என்று நான் கேட்டேன்.

அடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அடித்துப் பார்த்தவள். விளக்குமாற்றால் ஓங்கியதும் ஓடிவிடும். ஆனால் தான் கடித்ததற்காகத்தான் ஓங்கினார்கள் என்று அதற்குப் புரியாது. நம் கை வந்தால் ஆபத்து என்பது மட்டுமே புரியும். இரண்டு வாரத்தில், தடவக் கை நீட்டினாலே காதை மடக்கிக்கொண்டு முந்திக் கடிக்கத் தொடங்கியது. விளையாட்டுக்குக் கடித்த குட்டியை, பயந்து கடிக்கும் குட்டியாக ஆக்கியது என் விளக்குமாறுதான். தண்ணீர் தெளிப்பதும் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி உலுக்குவதும் அதே பலனைத்தான் தரும்.

மாற்றம் வந்தது, கடித்த கணத்தில் அசையாமல் நின்றதால். கையை வெடுக்கென்று இழுத்தால் அது தப்பி ஓடும் எலியாகிவிடுகிறது, குட்டி இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. இழுக்காமல் கையை மரக்கட்டை போல வைத்திருந்து, பிடி தளர்ந்ததும் எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வேறு அறைக்குப் போய் இரண்டு நிமிடம் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கூடப்பிறந்த குட்டி செய்திருக்க வேண்டியதை நாம் செய்கிறோம், அவ்வளவுதான். முதல் வாரம் கடி கூடியது. வழக்கமாகக் கிடைத்த விளையாட்டு ஏன் நின்றது என்று அது இன்னும் பலமாகக் கேட்டுப் பார்க்கிறது போலிருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் நால்வர் இருந்தால் நால்வரும் இப்படியே நடக்க வேண்டும். என் கணவர் யாரும் பார்க்காதபோது பழையபடி துண்டைச் சுற்றிக்கொண்டதால் எங்களுக்கு இரண்டு வாரம் வீணாயிற்று.

ஆனால் கையைக் கொடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பல்லுக்கும் காலுக்கும் வேறு வேலை கொடுத்தாக வேண்டும். எங்கள் அம்மிச்சி காலத்தில் பூனைக்கு யார் விளையாட்டுக் காட்டினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்துப் பூனை நெல் மூட்டைக்கும் வைக்கோல் போருக்கும் நடுவில் விடிய விடிய எலி பிடித்தது. பொழுது சாயும் நேரமும் விடியும் நேரமும்தான் வேட்டைக்கு ஏற்றவை என்று அதன் உடம்பு அமைந்திருக்கிறது. உங்கள் அடுக்குமாடி வீட்டில் எலி இல்லை. அந்த 4 மணி ஓட்டம் குறும்பு அல்ல, வேட்டைக்கு எழுந்த பூனை வேட்டையில்லாமல் திண்டாடுவது. பதுங்கி, துரத்தி, பாய்ந்து, கடித்து, தின்று, உடம்பை நக்கி, தூங்குவது என்ற வரிசையில் அதன் நாள் நடக்க வேண்டும். இந்த வரிசையைப் பொழுது சாயும்போது ஒரு முறையும் நாம் படுக்கப் போகும் முன் ஒரு முறையும், ஒவ்வொன்றும் 10 அல்லது 15 நிமிடம் என்று நாமே நடத்திக் காட்டினால், அது விடியற்காலையில் தானாக நடத்தத் தேவையிருக்காது.

இதில் நான் செய்த பெரும் பிழையை நீங்கள் செய்துவிடக்கூடாது. தறி வீட்டில் நூலுக்கா பஞ்சம் என்று, தறிக்கு நூல் சுற்றி வைக்கும் தார்க் கட்டையிலிருந்து உருவிய நூலைக் குச்சியில் கட்டி மகளிடம் கொடுத்தேன். நாடா துள்ளிக் குதித்தது, கடியும் குறைந்தது, எனக்கோ பெருமை. கார்த்திகையில் ஒரு நாள் அது சாப்பிடவில்லை. மறுநாள் வாந்தி எடுத்துக்கொண்டே முதுகைக் கூனி மூலையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் பகுதியில் கால்நடை மருத்துவம் என்றால் மாடும் ஆடும் கோழியும்தான். பூனையைத் தூக்கிக்கொண்டு போனால் நம்மையே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பூனைதானுங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்று பூச்சி மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் காத்திருந்தால் அது செத்திருக்கும். அன்று மாலையே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். வாயைத் திறந்து பார்த்த மருத்துவர், நாக்கின் அடியில் நூல் வளைந்து மாட்டியிருப்பதைக் காட்டினார். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி இருப்பதால், வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், பாவாடையில் கயிற்றை இழுத்ததும் துணி சுருங்குவது போலக் குடல் சுருங்கி, நூலே அதை அறுத்துவிடும். வயிற்றைத் திறந்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது. வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் கையால் இழுத்துவிடாதீர்கள், அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள் என்று அவர் சொன்னதை நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு நூலுக்குப் பதிலாக, லுங்கித் துணியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, நுனியில் முடிச்சிட்டு மூங்கில் குச்சியில் கட்டினேன். விளையாட்டு முடிந்ததும் அது பீரோவுக்குள் போய்விடும். அதை ஆட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டினால் அது எரிச்சலடையும். எந்த எலியும் பூனையைத் தேடி வராது. தூணுக்குப் பின்னாலும் பாயின் அடியிலும் அதை விட்டு விலகி ஓடுவது போல இழுக்க வேண்டும், நடுவில் நிறுத்த வேண்டும், நான்கைந்து முறை பிடிக்க விட வேண்டும். சிவப்பு ஒளிப்புள்ளியைச் சுவரில் ஓட விடுவதை நான் விரும்புவதில்லை. பிடிக்க முடியாத இரையைத் துரத்தும் பூனை கடைசியில் அந்த வேகத்தோடு நம் காலைத்தான் பிடிக்கும். கடைசிப் பிடிப்பு முடிந்த உடனே முள் எடுத்து உப்பில்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ ஒரு பிடி கொடுத்துவிடுங்கள். தின்றதும் உடம்பை நக்கிக்கொள்ளும், பிறகு தூங்கும்.

கட்டிப்பிடித்து உதைக்க வேண்டும் என்ற அதன் ஆசைக்கு, பழைய பவானி ஜமக்காளத்தில் ஒன்றரை முழம் வெட்டிச் சுருட்டித் தைத்துக் கொடுத்தேன். கையை நோக்கி வரும்போதெல்லாம் அந்தச் சுருளை நடுவில் நீட்டினால் அதை அணைத்துக்கொண்டு உருளும். காலில் பாய்வதற்கு என் மாமியாரே ஒரு வழி கண்டுபிடித்தார். பொடக்காலிக்குப் போகும் முன் இடுப்பில் செருகிய துணிப்பந்து ஒன்றை எதிர்ப்பக்கம் வீசுவார். பூனை பந்தின் பின்னால் போகும், அவர் கதவைத் திறந்துகொண்டு போவார். "அதுக்கு ஒண்ணை வீசிப்போட்டுத்தான் கண்ணு நாம போகோணும்" என்று என்னிடம் சொன்னவர், சாக்கைத் தேடிய அதே மாமியார்.

ஆறு மாதத்துக்குப் பின் கருத்தடை செய்துவிட்டோம். ஆனால் விளையாட்டுக் கடி அதனால் மட்டும் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடமிருந்தால், அதே வயதுள்ள இன்னொரு குட்டியைச் சேர்ப்பது எல்லாவற்றையும்விட எளிது என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. தடவிக்கொண்டிருக்கும்போது வால் நுனி துடித்தாலோ முதுகுத் தோல் சிலிர்த்தாலோ அப்போதே கையை எடுத்துவிடுங்கள். சாந்தமாக இருந்த குட்டி திடீரென்று ஒரே இடத்தைத் தொட்டால் மட்டும் கடிக்கிறது என்றால், அங்கே வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். எங்களுக்கு மாசி முடிவதற்குள் தோலில் பல் பதிவது நின்றுவிட்டது.

எடுத்து வைத்திருக்கும் அந்தச் சாக்கை வாய் திறந்தபடி இன்று மாலை உங்கள் கூடத்தில் கிடத்தி, அதன்மேல் துணிப்பட்டையை மெல்ல இழுத்துப் பாருங்கள். குட்டி தானாகவே உள்ளே போய்ப் பதுங்கும். ஓரத்தில் பிரிந்து தொங்கும் சணல் இழைகளை மட்டும் முதலில் கத்தரித்துவிடுங்கள்.