சோடியம் குறைந்த உப்பும் ‘சர்க்கரை சேர்க்காத’ பிஸ்கட்டும் வாங்கலாமா?

அம்மாவுக்கு பிரஷரும் சுகரும் இருக்கிறது, மார்த்தாண்டத்துக் கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்புக்கும் சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டுக்கும் கூடுதல் காசு கொடுப்பது வீணா என்று கேட்டிருந்தீர்கள். உப்பு வீணில்லை. பிஸ்கட் பெரும்பாலும் வீண்தான்.

அந்த உப்பில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சீனாவில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் 60 வயது தாண்டிய பிரஷர்காரர்களுமாகச் சுமார் 21,000 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 2021-இல் வந்த முடிவின்படி இந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. சும்மா விளம்பரம் இல்லை.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு சுகர் இருப்பதுதான் யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் சுகர்காரர்களுக்கு கிட்னி வெளியே தெரியாமலே பழுதாகியிருக்கலாம், அப்போது இந்த உப்பிலுள்ள பொட்டாசியத்தைக் கிட்னியால் வெளியேற்ற முடியாமல், அது ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே குழப்பிவிடும். பிரஷர் மாத்திரையின் மருந்துப் பெயர் ‘பிரில்’ அல்லது ‘சார்டன்’ என்று முடிந்தாலும் இதே கவனம் வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பரிசோதித்து, டாக்டரிடம் கேட்ட பிறகு பாக்கெட்டைப் பிரியுங்கள்.

அப்புறம், உப்பை மாற்றிவிட்டு மத்தியானம் கருவாடு, சாயங்காலம் நேந்திரங்காய் சிப்ஸ் என்று போனால் ஒரு பயனும் இல்லை. நம் ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.

பிஸ்கட்டில் சர்க்கரை இல்லாவிட்டாலும் மைதா அப்படியே இருக்கிறது, அதுவும் சுகரை ஏற்றும். பின்பக்கம் 100 கிராமுக்கு மாவுச்சத்து எவ்வளவு என்று சாதா பிஸ்கட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டீயோடு அவித்த பயறு கொடுங்கள், விலையும் குறைவு.