கரண்ட் வைக்கும் நேரம் குறைந்தால் சிகிச்சையும் குறையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, தொண்டையில் புற்றுநோய். தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மாஸ்க் செய்து, சிடி ஸ்கேன் எடுத்த பிறகு எட்டு நாள் காக்க வைத்தார்கள். இப்போது தினமும் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். ஆனால் மெஷின் மூன்று நிமிடம்கூட ஓடுவதில்லை. சில வருடங்களுக்கு முன் இதே நோய்க்கு என் சித்தப்பாவுக்குக் கால் மணி நேரம் வைத்தார்கள். அப்பாவுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நேரம் குறைந்ததால் அளவு குறையாது. கதிர்வீச்சைக் கிரே என்ற அலகில்தான் அளக்கிறோம். அறுவை சிகிச்சை இல்லாமல் கதிர்வீச்சை மட்டுமே நம்பும் தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 70 கிரே, 35 நாளாகப் பிரித்துக் கொடுக்கப்படும். மெஷினின் தலைப்பகுதியிலேயே இரண்டு அளவிகள் தனித்தனியாகக் கதிரை எண்ணிக்கொண்டிருக்கும். அன்றைய அளவு முடிந்ததும் கதிர் தானாக நின்றுவிடும்.

சித்தப்பாவுக்கு மெஷின் ஏழு அல்லது ஒன்பது கோணங்களில் நின்று நின்று கதிர் பாய்ச்சியிருக்கும். அப்பாவுக்குச் சுற்றிக்கொண்டே பாய்ச்சுகிறது என்று நினைக்கிறேன். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்; இரண்டு, மூன்று சுற்றில் வேலை முடிந்துவிடும். சுற்றும்போதே டங்ஸ்டன் தகடுகள் நகர்ந்து கதிரின் வடிவத்தை மாற்றும். சுற்றும் வேகமும் கதிர் பாயும் வேகமும்கூட மாறும்.

அந்த எட்டு நாளில்தான் பெரிய வேலை நடந்திருக்கிறது. மருத்துவர் ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் கட்டி, தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாவற்றையும் வரைவார். பிறகு மருத்துவ இயற்பியலாளர்களான நாங்கள் கம்ப்யூட்டரிடம் முடிவை மட்டும் சொல்வோம்: கட்டிக்கு 70 கிரே, தண்டுவடத்தில் எங்கும் 45-ஐத் தாண்டக்கூடாது, உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26-க்குள். எந்த நிபந்தனை எவ்வளவு மீறப்படுகிறது என்று கணக்கிட்டு, தகடுகளைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி கணக்கிட்டு, இப்படிப் பலநூறு முறை அது திருத்திக்கொண்டே போகும். சுற்றும் முறையில் இது கடினம். அடுத்தடுத்த கோணங்களுக்கு இடையே தகடு கொஞ்சம்தான் நகர முடியும் என்பதால் ஆரம்பத்திலேயே கம்ப்யூட்டரின் கை கட்டப்பட்டுவிடும். 2008-ல் மருத்துவ இயற்பியலாளர் கார்ல் ஓட்டோ இதற்கு அழகான வழி சொன்னார்: முதலில் சில கோணங்களை மட்டும் எடுத்துத் தகடுகளைத் தாராளமாக நகரவிடு, பிறகு இடையிடையே கோணங்களைச் சேர்த்துக்கொண்டே போ. மூன்று நிமிடச் சிகிச்சை சாத்தியமானதில் இந்த யோசனைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் கணக்கை அப்படியே நம்பிவிட முடியாது. கம்ப்யூட்டர் சில சமயம் தகடுகளுக்கு இடையே மிகக் குறுகிய இடுக்குகள் நிறைந்த திட்டத்தைத் தரும். திரையில் பிரமாதமாக இருக்கும், மெஷினால் அதை அச்சு அசலாகக் கொடுக்க முடியாது. அதனால் நோயாளி வருவதற்கு முன் அதே திட்டத்தை அளவுக் கருவியின் மேல் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். கதிரின் அளவில் 3 சதவீதம், இடத்தில் 2 மில்லிமீட்டர் என்ற வித்தியாச வரம்புக்குள் 95 சதவீதப் புள்ளிகளாவது கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஒத்துப்போகாவிட்டால் காரணத்தைத் தேடுவோம், தேவைப்பட்டால் திட்டத்தையே மாற்றுவோம். இந்தச் சோதனை நடந்ததா என்று அங்குள்ள மருத்துவ இயற்பியலாளரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

சீக்கிரம் முடிவது அப்பாவுக்கு நல்லதும்கூட. வாய்ப்புண்ணோடு, எச்சில் விழுங்க முடியாமல் மாஸ்க்குக்குள் கால் மணி நேரம் அசையாமல் கிடப்பது கொடுமை.

நீங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு அவருடைய எடையைப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் சாப்பாடு இறங்காது, உடம்பு இளைக்கும், கட்டியும் சுருங்கும். மாஸ்க் தளரும், உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்பக்கமாக நகரும். பழைய உடம்புக்குப் போட்ட கணக்கு அப்போது பொருந்தாமல் போகலாம். மாஸ்க்குக்குள் முகம் ஆடுகிறது என்று அப்பா சொன்னால் அன்றே தெரிவியுங்கள். மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைப் புதிதாகப் போட வேண்டியிருக்கலாம்.

இன்னொன்று, ஒரு நாளும் தவறவிடாதீர்கள். இடைவெளி விழுந்தால் புற்றுச் செல்கள் மறுபடி பெருகும். மெஷின் பழுதாகி நின்றால் விட்டுப்போன நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமை வரச் சொல்லலாம், அல்லது ஒரே நாளில் இரண்டு முறை வைக்கலாம். இரண்டு முறை என்றால் நடுவில் குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும்.