இங்கே ஜட்ஜ் ஆக ஓட்டுக் கேட்க வேண்டும்

தங்கச்சி, மதுரையில் 4 வருஷம் வக்கீலாக இருந்துவிட்டு கணவர் வேலைக்காக ஹூஸ்டன் வந்திருக்கிறேன், இங்கே நீதிபதியை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே, நான் அந்த நாற்காலிக்கு ஆசைப்படலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஆசைப்படுங்கள். நாள்தான் பிடிக்கும்.

நம்ம ஊரில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி சிவில் நீதிபதி ஆகலாம், எந்தக் கட்சி வாசலிலும் நிற்க வேண்டாம். ஹூஸ்டன் இருக்கிற டெக்சாஸ் மாநிலத்தில் மாவட்ட நீதிபதியே கட்சி வேட்பாளர்தான். மார்ச்சில் கட்சிக்குள் தேர்தல், நவம்பரில் பொதுத்தேர்தல், ஜெயித்தால் 4 வருஷம், அப்புறம் மறுபடி ஓட்டுக் கேட்டு வர வேண்டும். எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. 2018-ல் ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) குடியரசுக் கட்சி நீதிபதிகள் கூண்டோடு தோற்றார்கள், அதில் நன்றாக வழக்கு நடத்தியவர் யார், நடத்தாதவர் யார் என்று பார்த்தா எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள்? அதே தேர்தலில்தான் 17 கறுப்பினப் பெண்கள் ஒரே மூச்சில் நீதிபதிகளானார்கள், அந்தக் கதவு தேர்வு எழுதி அத்தனை சீக்கிரம் திறந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்களுக்குப் பொருத்தமான ஆள் பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியிலேயே இருக்கிறார். சுரேந்திரன் பட்டேல், மலையாளி, காசர்கோட்டில் பீடி சுற்றிக்கொண்டே படித்தவர். கேரளாவில் வக்கீலாக இருந்துவிட்டு, நர்ஸான மனைவியோடு 2007-ல் வந்து, மளிகைக் கடையில் வேலை பார்த்தபடியே இங்கே வக்கீல் உரிமம் தரும் பார் தேர்வை எழுதித் தேறினார். 2017-ல் குடியுரிமை, 2022-ல் தேர்தல், 2023 ஜனவரியில் 240-வது மாவட்ட நீதிமன்றத்தில் பதவியேற்பு. கூட்டிப் பார்த்தால் 15 வருஷத்துக்கு மேல். இப்போது சட்டம் இன்னும் இறுகிவிட்டது, முன்பு 4 வருஷம் வக்கீல் அனுபவம் போதும், 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தால் இப்போது டெக்சாஸிலேயே 8 வருஷம் வேண்டும். மதுரை அனுபவம் அந்தக் கணக்கில் சேராது. அதனால் இந்த வருஷமே பார் தேர்வுக்கான தகுதியை விசாரியுங்கள், எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் படிப்பு தேவைப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள், வேலை அனுமதி எப்போது வரும் என்பதையும் கணவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். 'கவுண்டி ஜட்ஜ்' என்ற பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், இங்கே அவர் பெரும்பாலும் நிர்வாகத் தலைவர், ஏறக்குறைய நம்ம கலெக்டர் மாதிரி, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவைதான். வாரம் ஒரு நாள் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் ரிச்மண்ட் கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஜூரியிடம், அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்களிடம், நீதிபதி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள், நம்ம ஊர் கோர்ட்டில் நீங்கள் பார்க்காத விஷயம் அதுதான்.