கோளாறா, குணமா? வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன மாசம் "புது வண்டி எடுத்தவங்க சந்தேகம் இருந்தா எழுதுங்க"ன்னு கீழ ஒரு வரி போட்டேன், அதுக்கு இவ்வளவு கடுதாசி வரும்னு நெனைக்கல. முக்கால்வாசி டூரிங் வண்டி, அதான் தூரப் பயணத்துக்குன்னு வார பெரிய பைக்கு, வாங்குனவங்க. முதல்லயே சொல்லிருதேன், நான் மெக்கானிக் கெடையாது, முப்பது வருஷமா தென்காசி, செங்கோட்டை, புனலூர்னு ஓட்டித் திரியிறவன், அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் சமாச்சாரம் எல்லாம் நம்ம மச்சான்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுதேன்.

கேள்வி: அண்ணாச்சி, பத்து வருஷமா 100 சிசி வண்டி ஓட்டுனவன் நான். மூணு வாரத்துக்கு முன்னால 400 சிசிக்கு மேல ஒரு டூரிங் வண்டி எடுத்தேன். இதுவரைக்கும் 640 கிலோமீட்டர் ஓடியிருக்கு. சிக்னல்ல நின்னா நியூட்ரல் விழவே மாட்டேங்குது, முதல் கியர் போட்டா டங்குன்னு சத்தம், கால்ல அடுப்பு மாதிரி சூடு அடிக்குது, வண்டிய ஆஃப் பண்ணுன பெறகும் ஃபேன் சுத்துது, அப்புறம் டிக் டிக்னு ஒரு சத்தம். கடையநல்லூர் ரோட்டுல போனா ஹேண்டில் ஆடுது. ஏமாந்துட்டமோன்னு ராத்திரி தூக்கம் வரல, எங்கம்மா வித்துருலேங்காங்க. – வாசகர், செங்கோட்டை

பதில்: தம்பி, அம்மாட்ட ரெண்டு மாசம் டைம் கேளுங்க. நீங்க எழுதுனதுல ஒண்ணே ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் அந்த வண்டியோட குணம், கோளாறு இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படிப் பாக்கதுன்னா, குணம் இன்னைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி இருக்கும், போகப்போக கொறையும், கோளாறு நாளுக்கு நாள் கூடும். அதனால ஒரு சின்ன நோட்டு போட்டு எந்தக் கிலோமீட்டர்ல என்ன சத்தம், எஞ்சின் சூடா இருக்கும்போதா ஆறி இருக்கும்போதான்னு எழுதி வைங்க, சர்வீஸ்ல போய் "என்னமோ மாதிரி இருக்கு"ன்னு சொன்னா அவங்களும் என்னமோ மாதிரி பாத்துட்டு வாட்டர் வாஷ் பண்ணிக் குடுத்துருவாங்க.

நியூட்ரலுக்கு வருவோம். புது கிளட்ச் பிளேட்டு ஆயில்ல ஊறிக்கிட்டே சுத்துது, லிவரைப் பிடிச்சாலும் முழுசா விடாம லேசா இழுத்துக்கிட்டே இருக்கும், அந்த இழுப்புலதான் நியூட்ரல் நழுவிப் போவுது. நின்ன பெறகு தேடாதீங்க, நிக்கதுக்கு ஒரு ரெண்டடி முன்னால வண்டி உருண்டுக்கிட்டு இருக்கும்போதே ரெண்டாவது கியர்ல இருந்து பெருவிரல் நுனியால லேசா தட்டுங்க, விழுந்துரும். காலையில முதல் கியர் டங்குங்கது ஆயில் கெட்டியா இருக்கதுனால, கிளட்ச்சைப் பிடிச்சு மூணு எண்ணிட்டுப் போட்டா பாதி சத்தம் போயிரும். அப்பவும் சரியாகலேன்னா கிளட்ச் கேபிள் ரொம்பத் தொளதொளன்னு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அட்ஜஸ்டரை ரெண்டு திருகு திருகுனா முடிஞ்சுது.

சூடு. நீங்க இதுவரை ஓட்டுனது காத்துலயே ஆறுற சின்ன எஞ்சின், இது பெருசு, கூலன்ட் தண்ணி ஓடுறது. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல பத்து நிமிஷம் நின்னா கூலன்ட் சூடு நூறு டிகிரிய ஒட்டி ஏறும், ஃபேன் போட்டு அந்தச் சூட்டை எல்லாம் உங்க முழங்கால் பக்கம் தள்ளும், அதுக்குத்தான் ஃபேன் வச்சிருக்கு. சில வண்டியில சாவிய எடுத்த பெறகும் கொஞ்ச நேரம் சுத்தும், பேட்டரி போயிரும்னு பயப்பட வேண்டாம். டிக் டிக் சத்தம் சைலன்சர் ஆறுது, சூட்டுல விரிஞ்ச இரும்பு சுருங்குது. ஆனா ஒண்ணு, சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியத் தொறந்துராதீங்க, உள்ள பிரஷர்ல இருக்க தண்ணி மூஞ்சில அடிக்கும்.

இப்ப அந்த ஒண்ணு. ஹேண்டில் ஆடுறது. இதுல பாதி வண்டி, பாதி நம்ம ஊரு. நம்ம செங்கோட்டைக் கணவாய் வழியா மேற்க இருந்து வார காத்து சும்மா காத்து இல்ல, சுரண்டை பக்கம் இத்தனை காத்தாடி நிக்கது அதுக்குத்தானே, வைகாசில ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும் ஓயாது. ஆலங்குளம் ரோட்டுல திருநவேலி போகும்போது காத்து முதுகுல தள்ளும், ஒண்ணும் தெரியாது. கடையநல்லூர், புளியங்குடின்னு வடக்க போற ரோட்டுல எடது பக்கத்துல இருந்து அடிக்கும், திரும்பி வரும்போது வலது பக்கம். உங்க பழைய வண்டியில முன்னால கண்ணாடியும் கெடையாது, பின்னால பெட்டியும் கெடையாது, காத்து பிடிக்க எடமே இல்ல. இதுல விண்ட்ஸ்கிரீன் இருக்கு, பெரிய டேங்கு இருக்கு, நீங்க டாப் பாக்ஸும் மாட்டியிருப்பீங்க, எழுதல ஆனா மாட்டியிருப்பீங்க, டூரிங் வண்டி எடுத்தவன் முதல் வாரமே அதைத்தான் வாங்குவான். பாக்ஸ் பின் சக்கரத்துக்கும் பின்னால ஒசரத்துல உக்காந்துக்கிட்டு இருக்கு, அதுல எடை ஏற ஏற முன் சக்கரம் லேசாகும், அப்ப ஹேண்டில் ஆடத்தான் செய்யும். கனமானதை டேங்க் பேக்ல இல்ல சைடு பெட்டியில ரெண்டு பக்கமும் சமமா வைங்க, டாப் பாக்ஸ்ல மழைக்கோட்டு, தேங்காப்பூ துண்டு மாதிரி எடை இல்லாத சாமான் போதும்.

ஓட்டும்போது காத்து அடிச்சா எல்லாரும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பாங்க, அதான் தப்பு, உங்க தோள்ல அடிக்க காத்து கை வழியா ஹேண்டிலுக்குப் போயி வண்டிய ஆட்டுது. முழங்காலால டேங்கை நல்லா கவ்விக்கிட்டு கையைத் தளர்த்தியா விடுங்க. லாரிய முந்தும்போது லாரி மறைப்புல ஒரு நொடி காத்து நின்னு போகும், தாண்டுன உடனே மொத்தமா வந்து அறையும், அதுக்குத் தயாரா இருந்து முந்துங்க. காத்தே இல்லாத நாள்ல பாக்ஸைக் கழட்டிட்டு ஓட்டிப் பாத்தும் ஆடுச்சுன்னா அது கோளாறு, டயர் காத்து, வீல் பேலன்ஸ், கோன் செட்டு (ஹேண்டில் திரும்புற எடத்து பேரிங்கு) மூணையும் பாக்கச் சொல்லுங்க, சர்வீஸ் தேதிக்குக் காத்துக் கெடக்க வேண்டாம். அதே மாதிரி தரையில கூலன்ட் சொட்டு, பிரேக் லிவர் பஞ்சு மாதிரி உள்ள போறது, வண்டி நகந்து வேகம் எடுத்த பெறகும் ஏபிஎஸ் (பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிடுறது) லைட் அணையாம இருக்கது, இதுக்கெல்லாம் அன்னைக்கே போயிரணும். நின்னுக்கிட்டு இருக்கும்போது ஏபிஎஸ் லைட் எரியத்தான் செய்யும், கொஞ்ச தூரம் உருண்டாத்தான் சக்கரத்து சென்சாருக்கு சக்கரம் சுத்துதுன்னே தெரியும்.

640 தானே ஆயிருக்கு, இன்னும் முறுக்காதீங்க. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பழகிக்கிட்டு இருக்கு. ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) எவ்வளவுன்னு மேனுவல்ல போட்டிருக்கும், அதைத் தாண்டாம, ஆனா ஒரே வேகத்துலயே ஓட்டாம ஏத்தி எறக்கி ஓட்டுங்க, டாப் கியர்ல எஞ்சினைத் திணற விடுறதும் முறுக்குறதும் ஒண்ணுதான். இதுக்கு நாலு வழிச்சாலைய விட புனலூர் ரோடு நல்லது, புளியரை ஏறி ஆரியங்காவு, கழுதுருட்டி பதிமூணு கண் பாலம், தென்மலைன்னு வளைஞ்சு வளைஞ்சு போறதுல கியர் தானா மாறிக்கிட்டே இருக்கும். முதல் சர்வீஸ் ஆயில் மாத்துறதைத் தள்ளிப் போடாதீங்க, அந்த ஆயில்ல பொடிப்பொடியா இரும்புத் தூள் மினுங்கும்.

கேள்வி: பகல்லயும் ஹெட்லைட் எரியுது, அணைக்க ஸ்விட்சே இல்ல. எதிர்ல வாற எல்லாரும் கையை விரிச்சு மூடிக் காட்டுறாங்க. – வாசகர், புளியரை

பதில்: 2017 ஏப்ரலுக்குப் பெறகு வந்த எல்லா டூ வீலரும் அப்படித்தான், சட்டம். கையைக் காட்டுனா நீங்களும் ஒரு கையைக் காட்டிட்டுப் போங்க, ஊர்ல நாலு பேரு பழக்கமாவான்.

கேள்வி: அண்ணே, நான் ஸ்கூல் டீச்சர். அஞ்சடி ரெண்டு அங்குலம். ஆசைப்பட்டு ஒசரமான டூரிங் பைக் எடுத்துட்டேன். ஓடும்போது சொகமா இருக்கு, திருப்பும்போது உசுரு போவுது. போன வாரம் டீக்கடை முன்னால யூ டர்ன் போடும்போது சாஞ்சுட்டேன். நாலு பேரு தூக்கி விட்டாங்க, அப்புறம் ஸ்டார்ட்டே ஆகல, தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். – வாசகி, பாவூர்சத்திரம்

பதில்: அய்யோ தள்ளிக்கிட்டா வந்தீங்க தங்கச்சி! வண்டிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. சாஞ்சா எஞ்சினை நிப்பாட்ட ஒரு சென்சார் இருக்கு, நிமித்தின பெறகு சாவிய ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுனாத்தான் விடும். அப்படியும் ஆகலேன்னா எஞ்சினை நிப்பாட்டுற செவப்பு கில் ஸ்விட்ச் கை பட்டு அமுங்கியிருக்கான்னு பாருங்க, அதுவும் இல்லேன்னா சைடு ஸ்டாண்டு எறங்கியிருக்கும், ஸ்டாண்டு போட்டுக் கியர்ல இருந்தா நெறைய வண்டி ஸ்டார்ட் ஆகாது. இந்த மூணையும் பாக்காம மெக்கானிக்குக்குப் போன் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.

யூ டர்ன்ல வண்டி ஏன் சாயுதுன்னா பயத்துல முன் பிரேக்கைப் பிடிச்சிருப்பீங்க. ஹேண்டில் திரும்பி இருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டா வண்டி அந்தப் பக்கமே படுக்கும், குட்டை நெட்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பாதி கிளட்ச்ல எஞ்சினை லேசா இழுக்க விட்டு, வலது காலால பின் பிரேக்கைக் கொஞ்சமா அமுக்கி வச்சுக்கிட்டே திரும்புங்க, வண்டி கயித்துல கட்டுன மாடு மாதிரி நிதானமா சுத்தும். பார்வை தரையில போவக்கூடாது, எங்க போகணுமோ அங்க. ஞாயித்துக்கிழம உங்க ஸ்கூல் கிரவுண்டு காலியாத்தானே கெடக்கும், ரெண்டு செங்கலை வச்சு எட்டு போடுங்க, ஒரு மணி நேரத்துல கை பழகிரும். நிக்கும்போது ரெண்டு காலும் ஊணணும்னு இல்ல, சீட்டுல லேசா நகந்து எடது கால் ஒண்ணை முழுசா ஊணுனா போதும், வலது கால் பின் பிரேக்குல. அதுக்குப் பெறகும் எட்டலேன்னா சீட்டு பஞ்சைக் கொஞ்சம் செதுக்கிக்கிடலாம், இல்ல கம்பெனியே தாழ்வான சீட்டு விக்கும். ஷாக் அப்சார்பரைக் கழட்டிக் குறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னா மட்டும் கேக்காதீங்க, வண்டி வளைவுல வேற வண்டியா ஆயிரும்.

அடுத்த தடவை விழுந்தா (விழுவீங்க, எல்லாரும் விழுவோம்) நாலு பேருக்குக் காத்திருக்க வேண்டாம். சாவிய ஆஃப் பண்ணி, வலது பக்கமா விழுந்திருந்தா முதல்ல சைடு ஸ்டாண்டை எறக்கி விட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உக்காந்து இடுப்பை சீட்டுல ஒட்ட வச்சு, ஹேண்டில் ஒரு கை, பின்னால கம்பி ஒரு கைன்னு பிடிச்சுக் கால் பலத்துல பின்னாலயே தள்ளி நடங்க. குனிஞ்சு தூக்குனா முதுகு போயிரும்.

எனக்கு நடந்ததையும் சொல்லிருதேன். முதல் பெரிய வண்டி வாங்குன புதுசு, நல்ல சாரல் சீசன், புளியரை எஸ் வளைவுல மஞ்சு எறங்கியிருக்கதைப் பாக்கணும்னு ஓரமா நிப்பாட்டுனேன், மூக்கு எறக்கத்தைப் பாத்து, கியர் இல்லாம, பழைய வண்டி ஞாபகத்துல ஸ்டாண்டைப் போட்டுட்டு நாலடி நடந்திருப்பேன், பின்னால டமால். எறக்கத்துல வண்டி முன்னால உருண்டா சைடு ஸ்டாண்டு தானா மடங்கிரும். மஞ்சையும் பாக்கல ஒண்ணையும் பாக்கல, கண்ணாடி போச்சு, லிவர் வளைஞ்சுது. அன்னையில இருந்து மூக்கு மேட்டைப் பாத்துத்தான் நிப்பாட்டுவேன், முதல் கியர்லயும் போட்டுருவேன், ஈர மண்ணுன்னா ஸ்டாண்டுக்கு அடியில ஒரு தட்டக்கல்லு.

கேள்வி: குமுளி ஏறும்போது பெட்ரோல் ரெண்டு கட்டை கொறையுது, எறங்கும்போது மறுபடி வருது. எங்க மாமா வண்டில பெட்ரோல் ஊறுதுங்காரு. – வாசகர், கம்பம்

பதில்: மாமாவ ஒரு ஏஜென்சி எடுக்கச் சொல்லுங்க. டேங்குக்குள்ள மிதவை ஒண்ணு இருக்கு, வண்டி மூக்கு தூக்குனா பெட்ரோல் பின்னால ஒதுங்கும், மிதவை பொய் சொல்லும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு மீட்டர்ல காட்டுதே, அது கடைசியா நீங்க ஓட்டுன ஓட்டத்தை வச்சு போடுற கணக்கு, மலை ஏறுனா கொறைச்சுக் காட்டும், எறங்குனா அள்ளி விடும். டேங்கை நெறப்பும்போது ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க, நாலு தடவை நெறப்புனா உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். மலை ஏற முன்னால நம்ம பக்கமே நெறப்பிக்கிடுங்க, அந்தப் பக்கம் வெலையும் கூட.

கேள்வி: புது டயர் சாரல்ல வழுக்குது. டயர் சரியில்லையா? – வாசகர், இலஞ்சி

பதில்: கோயில்ல எலுமிச்சம்பழம் நசுக்குனதோட விட்டுட்டீங்க போல. புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும், நூறு நூத்தம்பது கிலோமீட்டர் காஞ்ச ரோட்டுல ஓடித்தான் அது போகணும், அதுவரைக்கும் ஈரத்துல சாய்க்காதீங்க. பிரேக் பேடும் புதுசு, அதுவும் பழகணும். டயர் காத்தை வண்டி ஆறி இருக்கும்போது காலையில பாக்கணும், பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போய்ப் பாத்தா கூடத்தான் காட்டும்.

கேள்வி: பொண்டாட்டிய ஏத்துனா வண்டி பின்னால உக்காந்துருது, எதிர்ல வாரவன் லைட்டை எறக்குன்னு திட்டுதான். – வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆளோட எடையைப் பத்தி நான் ஒண்ணும் எழுதல, வீட்டுல படிப்பாங்க. பின் ஷாக்குல ப்ரீலோடுன்னு ஒரு வளையம் இருக்கும், வண்டியோட வந்த ஸ்பேனர்ல ரெண்டு மூணு படி ஏத்துங்க, பின் டயர் காத்தையும் மேனுவல்ல ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்க அளவுக்கு ஏத்துங்க. பின் பக்கம் எந்திரிச்சா லைட் தானா எறங்கும். அவங்களுக்கும் ஹெல்மெட் வாங்கிருங்க, 2023 ஜூன்ல இருந்து கேரளாக்காரன் கேமரா வச்சுப் பிடிக்கான், சலான் வீடு தேடி வரும்.

கேள்வி: புது வண்டி வந்துட்டுது, பழைய 100 சிசி வண்டிய வித்துருலாமா? நல்ல வெலைக்குக் கேக்காங்க. – வாசகர், கடையம்

பதில்: விக்காதீங்க. பால் வாங்க யாரு இருநூறு கிலோ வண்டிய வெளிய எடுப்பா?